சாகும்போது சிரிப்பவன்

ஏதென்ஸ், கிப்செலி
9 மே 1987

லெவ்கானி தீவு அருங்காட்சியகக் காப்பாளர் அம்மையார் அவர்களுக்கு,

அக்கா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டத்துக்கு முன்னால் வைத்து என்னைப் பார்த்து, "யாரு நீங்க? வழிகாட்டி உரிமத்தைக் காட்டுங்க" என்று கேட்டாயே, அப்போது நான் உனக்குத் தங்கையாகத் தெரியவில்லை. இன்றைக்கு நீயும் எனக்குக் காப்பாளர் அம்மையார்தான்.

நடந்ததை நான் எழுதிவிடுகிறேன். நீ எழுதினால் அதில் நீளம், அகலம், எடை மட்டும்தான் இருக்கும்.

வோலோஸ் ஊர் ஓய்வூதியக்காரர் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். கப்பல் ஆடிய ஆட்டத்தில் பாதிப் பேருக்கு வாந்தி, மீதிப் பேருக்குப் பசி. இருந்தும் மலை ஏறிக் கோயிலைப் பார்த்தார்கள். நாலைந்து தூண், நிறைய ஆட்டுப் புழுக்கை. "சிலையெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டார்கள். "கீழே பத்திரமா வச்சிருக்காங்க, வாங்க" என்று உன் கட்டடத்துக்கு அழைத்து வந்தேன்.

வாசலில் காவலாளி நிகிஃபோரோஸ் தூங்குகிறான். மடியில் பூனை, கழுத்தில் விசில். கழிப்பறை பூட்டியிருக்கிறது. உள்ளே, கோயில் முகப்பின் உச்சியில் நின்று துறைமுகத்தையே மிரட்டிய வீரர்களை அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க நிற்பவர்களைப்போல் சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருக்கிறாய். காலடியில் ஓர் அட்டை: 'வீரன், பளிங்கு.' நீ சொல்லாவிட்டால் அது வெண்ணெய்க் கட்டி என்று நினைத்துவிடுவோம் பார்.

கூட்டத்தில் திமோலியோன் என்று ஒரு கிழவர். வோலோஸில் வக்கீலாக இருந்தவர், இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. பாவம் என்று நினைத்துவிடாதே. கப்பலில் ஏறியதிலிருந்து யாரையும் அவர் நிம்மதியாக விடவில்லை. காபி கசக்கிறது, கடல் நாறுகிறது, என் குரல் எண்ணெய் போடாத கதவுமாதிரி இருக்கிறது. அவரையும் கையைப் பிடித்து அந்த மூலை வீரன் முன்னால் நிறுத்தினேன். நெஞ்சில் அம்பு குத்திய துளையோடு சாய்ந்து கிடக்கிறானே, அவன்.

"இவன் சாகும்போதும் சிரிக்கிறான். கொன்னவனைப் பார்த்து, இவ்வளவுதானாடா உன் அம்புன்னு சிரிக்கிறான்" என்றேன். கிழவிகள் உச்சுக்கொட்டினார்கள்.

"சிரிக்கிறானா? பொய் சொல்லாதம்மா. எங்கே, காட்டு" என்றார் திமோலியோன்.

"உங்களுக்கு நான் எப்படி ஐயா காட்டுறது?"

"கையைப் பிடிச்சு அவன் வாய்ல வை. இதுகூடவா சொல்லித் தரணும்?"

வைத்தேன். ஒரே ஒரு விரல். அவ்வளவுதான் என் குற்றம். தூங்கிக்கொண்டிருந்த நிகிஃபோரோஸ் எழுந்து விசில் ஊதினான். நீ உள்ளறையிலிருந்து கோப்பும் கையுமாக ஓடிவந்தாய். அந்தக் கோப்பாலேயே அந்த மனிதரின் கையை அடித்தாய். கைத்தடி எங்கோ போய் விழுந்தது. அவர் தடுமாறிப் பீடத்தில் முழங்காலை இடித்துக்கொண்டார். அதற்குமேல் நீ கேட்டது இருக்கிறதே: "கண்ணு தெரியாதவங்களுக்கு இங்க என்ன வேலை?"

 திரும்பும்போது கப்பலில் ஒரு பாட்டுக்கூட இல்லை.

உன் கல் வீரர்கள் எல்லாருக்கும் உன்னைவிட முகம் மென்மையாக இருக்கிறது. போய்ப் பார்.

ரோதந்தி


லெவ்கானி
18 மே 1987

ரோதந்திக்கு,

கடிதம் கிடைத்தது. அட்டையில் 'வீரன், பளிங்கு' என்பதோடு நூற்றாண்டும் எழுதியிருக்கிறது. அதை நீ படிக்கவில்லை.

கோப்பால் அடிக்கவில்லை. தட்டிவிட்டேன். முழங்கால் இடித்ததற்கு நிகிஃபோரோஸ் அவருக்கு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தான். இவற்றை நீ எழுதவில்லை, எழுதினால் கதை கெட்டுவிடும்.

உள்ளங்கை வியர்வை பளிங்கை என்ன செய்யும் என்று தொல்லியல் படிப்பின் முதலாண்டிலேயே பாடம் எடுத்திருப்பார்கள். நீ அதற்குள் அந்த மாலுமி மந்தோஸைக் கட்டிக்கொள்ள அவன் மோட்டார் சைக்கிள் பின்னால் ஏறிப் போய்விட்டாய். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் மண்ணுக்குள் பிழைத்துக் கிடந்த முகம் அது. உன் கூட்டங்கள் ஆளுக்கு ஒரு விரல் வைத்தால் என் காலத்திலேயே அந்த வாய் தேய்ந்துபோகும். பிறகு யார் வாயைக் காட்டிப் பிழைப்பாய்?

கொன்றவனைப் பார்த்துச் சிரிக்கிறானாம். அந்தக் காலத்துச் சிற்பிகளுக்கு வெட்டத் தெரிந்த வாய் அது ஒன்றுதான். குத்துகிறவனும் சிரிக்கிறான், குத்துப்பட்டவனும் சிரிக்கிறான், நடுவில் நிற்கும் அதீனா தேவியும் சிரிக்கிறாள். அடுத்த அறையில் உடைந்து கிடக்கும் குதிரைகூடக் கிட்டத்தட்டச் சிரிக்கிறது. அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறாயா?

உன் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில் வருகிறார்கள். முதலில் கழிப்பறை, அப்புறம் தபால் அட்டை, நேரமிருந்தால் தெய்வம். போன மாதம் ஒரு பெண்மணி அதீனாவின் கேடயத்தில் தன் தொப்பியை மாட்டிவிட்டு உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நான் விசில் வாங்கிக் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

நான் கேட்ட கேள்வியிலும் தவறு இல்லை. பார்ப்பதற்கென்றே ஏற்பட்ட இடத்துக்குப் பார்க்க முடியாதவர் ஏன் வரவேண்டும்? காது கேளாதவரைக் கச்சேரிக்கு யாராவது கூட்டிப் போகிறார்களா?

நடந்ததை வழிகாட்டிகள் உரிமக் குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். வேறு யார் செய்திருந்தாலும் எழுதியிருப்பேன். தங்கை என்பதற்காக எழுதாமல் இருந்தால் அதற்குப் பெயர் வேறு.

மெல்பொ


ஏதென்ஸ்
21 ஜூன் 1987

மெல்பொ,

சந்தோஷப்பட்டுக்கொள். உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை செப்டம்பரில். அதாவது வேலை இருக்கும் மாதங்கள் எல்லாம் முடிந்து, மழை ஆரம்பித்து, ஊரில் ஒரு சுற்றுலாக்காரன்கூட மிச்சமில்லாத நேரத்தில், நான் குற்றவாளியா இல்லையா என்று உட்கார்ந்து யோசிப்பார்கள்.

மந்தோஸ் வேலை பார்த்த கப்பல் இன்னும் எலெஃப்சினா துறைமுகத்தில்தான் ஓட்டமில்லாமல் துருப்பிடித்து நிற்கிறது. அவர் சோபாவில் துருப்பிடிக்கிறார். நான் அவருடைய சித்தி வைத்திருக்கும் செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். காலையிலிருந்து மாலைவரை குனிந்து ஊராரின் பாதங்களைப் பார்க்கிறேன். உன் வீரர்களின் பாதங்களுக்கு உறை போட்டுப் பூட்டி வைக்கலாம், அவ்வளவு அழகு. தப்பே சொல்லமாட்டேன்.

நேற்று கடைக்கு ஒரு தொலைபேசி வந்தது.

"நீதானே அந்தப் பொய்க்காரி?"

குரலிலேயே தெரிந்துவிட்டது. "ஆமா ஐயா. முழங்கால் எப்படி இருக்கு?"

"முழங்காலை விடு. அன்னைக்கு விரலை வச்சேன். உதட்டு ஓரம் மட்டும்தான் தட்டுப்பட்டுச்சு. அதுக்குள்ள அடி விழுந்துடுச்சு. சிரிக்கிறானா இல்லையான்னு எனக்கு இன்னும் தீர்ப்பு ஆகலை. தூக்கம் வரமாட்டேங்குது. அந்த இன்னொருத்தி, உண்மைக்காரி, அவ பேரு என்ன?"

"மெல்பொ. என் அக்காதான்."

 "பாவம்மா உங்க அப்பா" என்றார்.

உனக்கு ஒரு கெட்ட செய்தி வைத்திருக்கிறேன். அவர் தீவுக்கு வருகிறார். தனியாக. நான் எவ்வளவோ சொன்னேன், அங்கே படி அதிகம், வெயில் அதிகம், என் அக்கா வேறு இருக்கிறாள் என்று. "மூணுல எது மோசம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அனுபவி.

ரோதந்தி


லெவ்கானி
12 ஜூலை 1987

ரோதந்திக்கு,

உன் வக்கீல் வந்துவிட்டார்.

துறைமுகத்தில் மீன் சாப்பாட்டுக்கடை மாடியில் அறை எடுத்திருக்கிறார். தினமும் கதவு திறக்கும்போது வருகிறார், சீட்டு வாங்குகிறார், மூலை வீரனுக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்காருகிறார். மூடும்வரை எழுந்திருப்பதில்லை. நிகிஃபோரோஸ் இந்த மனிதருக்குக் காபி போட்டுக் கொடுக்கிறான். எனக்கு இதுவரை போட்டதில்லை. பூனையும் மடி மாறிவிட்டது.

முதல் நாள் நான் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் கூடத்தைக் கடந்தபோது, "காலடி சத்தத்துலயே கோபம் தெரியுது. காப்பாளர்தானே?" என்றார்.

"ஆமாம். உங்களுக்கு என்ன வேணும்?"

"சீட்டு வாங்கியிருக்கேன். எல்லாரும் பார்க்கிறாங்க. எனக்கும் காட்டு."

"தொடக்கூடாது."

"தொடலையே. சொல்லு. வாய் இருக்கில்ல?"

சட்டப்படி அவர் கேட்டதில் குறை இல்லை. ஆகவே சொன்னேன். எந்த நூற்றாண்டு, எந்தத் தீவின் பளிங்கு, தலையிலிருந்து கால்வரை எவ்வளவு, உடைந்தது எங்கே, ஒட்டியது எங்கே. முக்கால் மணி நேரம் நின்று சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "நான் ஜன்னலுக்குத் திரை தைக்கவா வந்திருக்கேன், இத்தனை அளவு சொல்ற?" என்றார்.

மறுநாள் இன்னும் விவரமாகத் தொடங்கினேன். இடது கால் வலது காலின்மேல் கிடப்பதையும், உடல் கேடயத்தின்மேல் சாய்ந்திருப்பதையும் சொன்னேன்.

"வலிக்குதா அவனுக்கு?"

"கல்லுக்கு வலிக்காது ஐயா."

"அப்புறம் எதுக்கு அம்பு?"

நான் உள்ளே போய்விட்டேன். அது ஒரு கேள்வியா? ஒரு சிற்பத்தைப் பற்றிப் பேராசிரியர்கள் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், இப்படி யாரும் கேட்டதில்லை. கேட்கத் தகுந்ததாக இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள் அல்லவா? மதியம் சாப்பாட்டுக்கு எல்லாரும் போனபின் அந்த வீரன் எதிரில் கொஞ்சம் நின்றேன். பீடத்தின் ஓரத்தில் தூசி இருந்தது. துடைத்தேன்.

இப்போது அவர் ஊர்க்காரர்களிடம், "தங்கச்சிக்காரி பொய் சொன்னா, ஆனா பத்து நிமிஷத்துல கண்ணு முன்னால கொண்டுவந்தா. அக்காக்காரி ஒரு வாரமா உண்மை சொல்றா, ஒரு மயிரும் தெரியல" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சாப்பாட்டுக்கடைக்காரனின் மனைவி என்னிடமே வந்து சொல்லிச் சிரிக்கிறாள்.

அன்றைக்கு அந்தச் சிற்பத்தைப் பற்றி அவரிடம் நீ வேறென்ன சொன்னாய்? இதை அலுவலகத்திலிருந்து கேட்கும் கேள்வியாக எடுத்துக்கொள்.

மெல்பொ


ஏதென்ஸ்
20 ஜூலை 1987

மெல்பொ,

உன் கடிதத்தை மந்தோஸுக்குப் படித்துக் காட்டினேன். சோபாவிலிருந்து விழுந்து சிரித்தார். அந்த வகையில் உனக்கு நன்றி, மனிதர் அசைந்து பல நாளாயிற்று.

அலுவலகக் கேள்வியாம்! என் தொழிலையும் பறித்துக்கொண்டு, அதை எப்படிச் செய்வது என்று என்னிடமே கேட்கிறாய். சொல்லித் தருகிறேன், குறித்துக்கொள்.

முதலில் அவன் எங்கே கிடக்கிறான் என்று சொல்ல வேண்டும். நீ எல்லாரையும் தரைக்கு இறக்கிவிட்டதால் உனக்கே மறந்துபோயிருக்கும். கோயில் முகப்பு முக்கோணம். நடுவில் உயரம், அங்கே தெய்வம் நிமிர்ந்து நிற்கிறது. ஓரம் போகப்போகக் கூரை இறங்கிக்கொண்டே வருகிறது. சண்டை போடுகிறவன் குனிகிறான், அடுத்தவன் மண்டியிடுகிறான். கடைசி மூலையில் உட்காரக்கூட இடம் கிடையாது. படுக்கத்தான் முடியும். அந்த இடத்தைச் சாகிறவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏழை வீட்டில் நோயாளிக்கு எந்த இடத்தில் பாய் போடுவார்களோ அந்த இடம். தேவி அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவ்வளவு சத்தத்துக்கும் ஓரத்தில் ஒருத்தன் தனியாகச் செத்துக்கொண்டிருக்கிறான், வாயில் சிரிப்பு.

இதில் எது பொய் சொல். எல்லாம் நீ எழுதி வைத்திருக்கும் அளவுகள்தான். நீ சென்டிமீட்டரில் சொல்கிறாய், நான் இடமில்லை என்று சொல்கிறேன்.

ஆனால் உனக்கு வராது. அடுத்த வீட்டில் ஒரு சாவு என்றால் எப்படிப் பேசுவாயோ அப்படிப் பேச வேண்டும். நீ அடுத்த வீட்டுக்காரரிடம் பேசியதே கிடையாதே. பேசாமல் கிழவருக்கு ஒரு தபால் அட்டை விற்று அனுப்பிவிடு.

செருப்புக் கடையில் இன்று ஒருத்தி பதினோரு ஜோடி போட்டுப் பார்த்துவிட்டு, தன் பழைய செருப்பே தேவலை என்று போய்விட்டாள். உன் ஞாபகம் வந்தது.

ரோதந்தி


லெவ்கானி
23 ஆகஸ்ட் 1987

ரோதந்திக்கு,

நீ எழுதியதை அப்படியே சொல்லவில்லை. 'ஏழை வீட்டு நோயாளி' என்பதை விட்டுவிட்டேன், மலிவான உவமை. மற்றதைச் சொன்னேன். கூரை இறங்குவதைச் சொல்லும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார். முடித்தபின்தான் நிமிர்ந்தார்.

"இப்பத்தாம்மா நீ வாயைத் திறந்திருக்க" என்றார்.

அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தார். "இடம் புரிஞ்சுடுச்சு. முகம் புரியலை. கையை வைக்க விடு" என்றார். முடியாது என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? கண்ணு நல்லா இருந்தப்ப நான் எதையுமே பார்க்கலை. கோர்ட்டு, வீடு, சீட்டாட்டம். என் சம்சாரம் எத்தனையோ தடவை கூப்பிட்டா, இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போகலாம்னு. உடைஞ்ச கல்லைப் பார்க்கக் காசு குடுத்து வேற போகணுமான்னு கேட்டேன். இப்ப அவளும் இல்லை, கண்ணும் இல்லை. உன்கிட்ட வந்து மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்."

நான் அவருக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சோம்பேறித்தனத்துக்கு ஆறுதல் கிடையாது. ஆனால் அன்று முழுவதும் கூடத்துக்கு வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுள்ளவர்கள். ஒருவன் மூலை வீரன் முன்னால் நின்று வாழைப்பழம் தின்றான். இரண்டு பெண்கள் முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தர்கூட அந்த வாயைப் பார்க்கவில்லை. இந்தக் கூட்டத்துக்காகவா நான் அந்த முகத்தைக் காத்துவருகிறேன் என்று தோன்றியது. அருவருப்பாக இருந்தது. அப்புறம் நான் செய்ததை இரக்கத்தினால் செய்தேன் என்று நீ கூட்டத்தில் கதை சொல்வாய் என்பதால் இதை எழுதுகிறேன்.

மதிய இடைவேளையில் கதவைச் சாத்தினேன். அவரை என் அறைக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவினேன், நகத்துக்கு அடியிலும். துடைத்துவிட்டுப் பருத்திக் கையுறையை நீட்டினேன்.

"உறை போட்டுக்கிட்டு நீ யாரையாவது தொட்டிருக்கியா?" என்றார்.

உறையை வைத்துவிட்டேன்.

நெற்றியில் ஆரம்பித்தார். சுருள் சுருளாக இருக்கும் முடியில் ஒவ்வொரு சுருளாக விரல் விட்டார். கண் இமை, மூக்கு, உடைந்த காது. வாய்க்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை போய், திரும்பி வந்தார். அப்புறம் கழுத்து, நெஞ்சு. அம்புத் துளையில் விரல் இறங்கியது. சட்டென்று உருவிக்கொண்டார், சுட்டதுபோல.

"சிரிக்கிறான்."

"அந்தக் காலத்துல எல்லா…" என்று தொடங்கினேன்.

"நீ சும்மா இரு. சிரிக்கிறான். ஆனா உன் தங்கச்சி சொன்னது தப்பு. கொன்னவனைப் பார்த்துச் சிரிக்கலை."

"வேற யாரைப் பார்த்து?"

"என்னைப் பார்த்துத்தான். இப்பத்தான் வர்றியாடான்னு."

அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. மாலைக் கப்பலில் போய்விட்டார். எனக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. நிகிஃபோரோஸைக் கட்டிக்கொண்டார்.

அவர் போனதும் ஈரத் துணியால் அந்த முகத்தைத் துடைத்தேன். பிறகு உட்கார்ந்து, உரிமக் குழுவுக்கும் என் தலைமை அலுவலகத்துக்கும் எழுதினேன். உன்னைப் பற்றி அனுப்பிய அதே வாசகம்: சிற்பத்தைத் தொடப் பார்வையாளர் ஒருவரை அனுமதித்தது. உன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். 'ஒரு விரல்' என்பதை 'இரண்டு கைகள்' என்று திருத்தினேன். ஒரே காரியத்துக்கு ஒருத்தி செருப்பு விற்பதும் இன்னொருத்தி காப்பாளர் நாற்காலியில் இருப்பதும் கேவலம். எனக்குக் கேவலமான நாற்காலி வேண்டாம்.

மெல்பொ


ஏதென்ஸ்
27 செப்டம்பர் 1987

அக்கா,

உன்னை யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா? கிழவர் கேட்டாரா? மூடின கதவுக்குள் நடந்தது. நிகிஃபோரோஸ் வாயே திறக்கமாட்டான். பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் நீ பேசாமல் இருக்கமாட்டாய். அடுத்தவரை ஒழுங்காகப் போட்டுக்கொடுக்கிறவள் உன்னையும் ஒழுங்காகப் போட்டுக்கொடுத்துக்கொள்வாய். உன்னோடு சண்டை போடவும் ஒரு நியாயம் கிடைக்கமாட்டேன் என்கிறது.

விசாரணையைச் சொல்கிறேன். நீளமான மேசை, சாம்பல் கிண்ணம், மூன்று பேர். நடுவில் இருந்தவர் தீவுப் பக்கமே போகாதவர் என்று பார்த்தாலே தெரிந்தது. உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழம்பிப்போயிருந்தார்.

"உங்க அக்கா உங்களைக் காப்பாத்தத்தானே இப்படி எழுதியிருக்காங்க?"

"அவளா? நான் கடல்ல முழுகிட்டிருந்தா, இங்க குளிக்கக்கூடாதுன்னு பலகை இருக்கான்னுதான் முதல்ல பார்ப்பா."

சிரித்துவிட்டார்கள். திமோலியோன் வோலோஸிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். சாட்சி சொல்லச் சொன்னதும் எழுந்து நின்று மூவரையும் விளாசினார். "ஒரு பொம்பளை என்னை அடிச்சா, ஒரு பொம்பளை எனக்குப் பொய் சொன்னா. ரெண்டு பேரும் எனக்குக் காட்டினாங்க. நீங்க மூணு பேரும் கண்ணை வச்சுக்கிட்டு இந்த நாட்டுல யாருக்கு என்னத்தைக் காட்டியிருக்கீங்க?" என்றார். நடுவில் இருந்தவர் தண்ணீர் குடித்தார்.

எனக்கு உரிமம் திரும்பக் கிடைத்துவிட்டது. மழைக்காலத்துக்கு. உன்னை வடக்கே மாற்றுகிறார்களாம், வெளியே வரும்போது அங்கிருந்த எழுத்தர் சொன்னார். மலைக்குள் ஏதோ ஊர், உடைந்த மண்சட்டி ஓடுகள் அடுக்கி வைத்திருக்கும் சரக்குக் கிட்டங்கியாம். பளிங்கு என்ற பேச்சே கிடையாதாம். அவர் அதை வேடிக்கையாகச் சொன்னார். அந்த ஆளை அங்கேயே அறையலாம்போல இருந்தது. நான் யாரையும் அறைந்ததில்லை, அது உன் துறை.

டிராலி பஸ்ஸில் திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கைக்குட்டை கொடுத்தாள். அதில் வெங்காய வாசனை.

குளிருக்குக் கம்பளிக் காலுறை வாங்கி அனுப்பப்போகிறேன். செருப்புக் கடையில் எனக்கு விலையில் தள்ளுபடி உண்டு. உன் பாதத்தின் அளவு எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. எழுது. சென்டிமீட்டரிலேயே எழுது.

ரோதந்தி


பெத்ரோவ்ரிசி
29 நவம்பர் 1987

ரோதந்திக்கு,

காலுறை வந்தது. ஒன்று மற்றதைவிடச் சற்று நீளம். போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பனி, பீன்ஸ் சூப், காலையிலேயே குடிக்கத் தொடங்கும் ஆண்கள். கிட்டங்கிக்குப் பெயர் அருங்காட்சியகம். பெட்டி பெட்டியாக ஓடுகள், எழுத்துக்கும் முந்தைய காலத்தவை, எல்லாம் ஒரே சகதி நிறம். வாரத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். வருகிறவரும் பெரும்பாலும் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கத்தான் வருகிறார்.

லெவ்கானியில் எனக்குப் பிறகு வந்த இளைஞன் மூலை வீரனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டானாம். நிகிஃபோரோஸ் எழுதியிருக்கிறான். வெளிச்சம் பட்டுக் கண்ணாடியில் தங்கள் முகம்தான் தெரிகிறதாம், அதனால் எல்லாரும் விரும்பி நிற்கிறார்களாம். சரியான பார்வையாளர்களுக்குச் சரியான ஏற்பாடு. அந்தப் பக்கத்தை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு பெண் வந்தாள். இளவயது, மழையில் நனைந்திருந்தாள், பஸ் தவறிவிட்டதாம். பெட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே. இதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

காலம், மண் வகை, சூளையின் சூடு என்று எனக்கு வழக்கமாக வருவது நாக்கு நுனியில் இருந்தது. ஏனோ பெட்டியைத் திறந்து ஓர் ஓட்டுத் துண்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். சட்டியின் கழுத்துப் பகுதி. ஈரமாக இருந்தபோது யாரோ கட்டைவிரலால் அழுத்திய குழி அதில் அப்படியே இருக்கிறது.

"உன் விரலை வச்சுப் பாரு" என்றேன்.

வைத்தாள். சரியாகப் பொருந்தியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "யாரோடது இது?"

"ஒரு பொம்பளையோடது. அன்னைக்குக் காலைல தங்கச்சியோட பெரிய சண்டை. அந்தக் கோபத்துல வேணுங்கிறதைவிட அழுத்திட்டா."

எப்படி வந்தது என்று தெரியவில்லை. அது ஆணின் விரலா பெண்ணின் விரலா என்பதே யாருக்கும் தெரியாது. என் வாழ்நாளில் ஒரு பொருளைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது. திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "அப்புறம் சமாதானம் ஆயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலை. சட்டி உடைஞ்சுபோச்சு. ஆனா சூளைல வேகற வரைக்கும் உடையலை" என்றேன்.

அந்தப் பெண் கண் கலங்கி, ஓட்டுத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஒரு வார்த்தை விடாமல் நம்பிவிட்டாள். எப்பேர்ப்பட்ட முட்டாள்களை வைத்துக்கொண்டு நீ இத்தனை வருடம் பிழைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

மெல்பொ